உப்புக்காற்றில் ஃப்ளாஷ் கசட்: பழுதைச் சிப்பில் தேடுவதற்கு முன்

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் ஒரு பழைய கேம் செட் வேலை செய்யாமல் போனால் குற்றம் முதலில் கசட்டின் மேல்தான் விழுகிறது. அதிலும் வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்து கொடுத்த, விளையாட்டுகளை அழித்து மீண்டும் எழுதக்கூடிய ஃப்ளாஷ் கசட்டாக இருந்தால், உள்ளே இருக்கும் சிப் எரிந்துவிட்டது என்று ஓரிரு நிமிடத்திலேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு பெரும்பாலும் பிழையானது. நினைவகச் சிப் தானாகச் சாவது அபூர்வம். கசட் செட்டைத் தொடுகிற முனைகள், அதற்குப் போய்ச் சேரும் மின்சாரம், எஸ்.டி. கார்ட், விளையாட்டின் நிலையைப் பதிந்து வைக்கும் சேவ் அழியாமல் காப்பாற்றும் பற்றரி ஆகிய இவற்றில் ஒன்றில்தான் பழுது தொடங்குகிறது. எதில் தொடங்கியது என்பதையும் பெரும்பாலும் திரையே காட்டிவிடுகிறது. அதைப் படிக்காமல் சோல்டரிங் அயனைக் கையில் எடுப்பதால்தான், பிழைத்திருக்கக்கூடிய கசட்டுகள் பல உண்மையிலேயே இறந்துபோகின்றன.

கசட் எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1983இல் ஜப்பானில் வெளிவந்த ஃபமிகொம் என்ற கேம் செட், அதைப் பார்த்துச் செய்யப்பட்டு நம் ஊர்க் கடைகளில் ரிவி கேம் என்ற பெயரில் விற்ற செட்டுகள், 1989இல் வந்த கையடக்கச் செட்டான கேம் போய் ஆகிய எல்லாவற்றிலும் கசட் என்பது செட்டின் நினைவகத்தின் ஒரு துண்டு. செட்டின் நுண்செயலி முகவரிக் கம்பிகளில் ஓர் இலக்கத்தை வைக்க, கசட்டிலுள்ள சிப் தரவுக் கம்பிகளில் பதிலைத் திருப்பி வைக்கிறது. ஃபமிகொம்மின் நுண்செயலி செக்கனுக்கு ஏறத்தாழ 17.9 இலட்சம் சுற்றுகள் ஓடுவதால், ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வர அரை மைக்ரோசெக்கனை அண்டிய அவகாசமே இருக்கிறது. இடையில் பிழை திருத்தும் ஏற்பாடு எதுவும் கிடையாது. ஒரேயொரு முனை ஒரேயொரு கணம் விட்டுப்பிடித்தாலும் நுண்செயலி பிழையான கட்டளையை வாசித்துத் தடம் மாறிவிடும்.

அசல் கசட்டில் இருந்த சிப், தொழிற்சாலையிலேயே விளையாட்டைப் பதித்து அனுப்பிய, பிறகு மாற்ற முடியாத மாஸ்க் ரொம். ஃப்ளாஷ் நினைவகத்தை உருவாக்கியவர் டோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா. அவர் அதை 1984இல் உலகுக்கு அறிவித்த பின்னரே, அழித்து மீண்டும் எழுதக்கூடிய மலிவான சிப் சாத்தியமாயிற்று. இன்று நம் கைக்கு வரும் ஃப்ளாஷ் கசட்டுகள் இரு வகை. ஒன்றில் மாஸ்க் ரொம்மின் இடத்தில் ஃப்ளாஷ் சிப் ஒன்று நேரடியாக உட்கார்ந்திருக்கும். கணினியோடு இணைக்கும் சிறு கருவியால் அதில் ஒரு விளையாட்டை எழுதலாம். மற்றையதில் எஸ்.டி. கார்ட், வேகமான நினைவகம், எஃப்பிஜிஏ எனப்படும் நிரற்படுத்தக்கூடிய சிப் எல்லாம் சேர்ந்து, கார்ட்டிலிருந்து எடுத்த விளையாட்டை நினைவகத்தில் ஏற்றிய பின் செட்டின் முன்னால் அசல் கசட் போலவே நடந்துகொள்ளும். எவர்டிரைவ் என்ற பெயரில் வருபவை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. இரண்டு வகையும் செட்டோடு பேசுவது அதே முனைகள் வழியாக, அதே அரை மைக்ரோசெக்கனுக்குள்தான்.

முனைகள் பற்றி நம் மண்ணில் கூடுதலாகப் பேச வேண்டியிருக்கிறது. கல்லடி, நாவலடி, பூநொச்சிமுனை போன்ற இடங்களில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. தெற்கே பாண்டிருப்பு, நிந்தவூர், திருக்கோவில் வரை வீடுகள் கடற்காற்றின் நேர் வழியில் இருக்கின்றன. மாரி காலத்தில் காற்றிலுள்ள ஈரம் குறையவே குறையாது; அந்த ஈரத்தோடு உப்பும் வருகிறது. கசட்டின் முனைகள் செம்பின் மேல் நிக்கலும் அதன் மேல் தங்கமும் பூசப்பட்டவை. அடிக்கடி செருகிக் கழற்றும் முனைகளுக்கென்று பூசப்படும் கடினத் தங்கம் ஏறத்தாழ 0.76 மைக்ரோமீற்றர் தடிப்பானது. மலிவான பலகைகளில் பூசுவதோ 0.05 முதல் 0.1 மைக்ரோமீற்றர் வரைதான். அந்த மெல்லிய பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும், உப்பு ஈரம் அவற்றின் வழியே இறங்கி அடியிலுள்ள உலோகத்தை அரிக்கும். மேலே தங்கம் மினுங்கிக்கொண்டிருக்கையிலேயே தொடுகை கெட்டுப்போவது இதனால்தான். ஆகவே மட்டக்களப்பில் ஒரு ஃப்ளாஷ் கசட் வாங்குபவர் அதன் மெனுவின் அழகைக் காட்டிலும் முனைப் பூச்சைப் பற்றித்தான் முதலில் விசாரிக்க வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

துப்புரவு செய்யும் முறையிலும் தவறு நடக்கிறது. கசட்டின் வாயில் ஊதுவது மூச்சிலுள்ள ஈரத்தைச் செலுத்துவதுதான். அதற்குப் பிறகு செட் இயங்கினால், கழற்றி மீண்டும் செருகியபோது முனைகள் உரசிப் புதிய இடத்தில் தொட்டிருக்கின்றன என்பதே காரணம். பார்மசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பலர் பயன்படுத்துகிறார்கள். பிரித்தானிய மருந்து நியமப்படி தயாரிக்கப்படும் அந்தத் திரவத்தில் ஆமணக்கெண்ணெயும் கலந்திருப்பதால், ஸ்பிரிட் பறந்த பின் முனைகளில் மெல்லிய எண்ணெய்ப் படலம் தங்கிவிடும், தூசி அதில் ஒட்டிக்கொள்ளும். 99 வீத ஐசோபுரோப்பைல் அல்ககோல்தான் பொருத்தமானது. போன் திருத்தும் கடைகளில் அது இருக்கும். அழிறப்பரால் தேய்ப்பது தடித்த பூச்சுள்ள பழைய அசல் கசட்டுக்கு எப்போதாவது ஒருமுறை தாங்கும். மெல்லிய தங்கமுள்ள ஃப்ளாஷ் கசட்டில் ஒருபோதும் செய்யக் கூடாது.

எந்த முனை விட்டுப்போயிருக்கிறது என்பதை அறியச் சாம்பல் நிறப் பழைய கேம் போயைப் போல் உதவும் செட் வேறொன்றில்லை. அதை இயக்கியவுடன் மேலிருந்து இறங்கிவரும் நிறுவனப் பெயர் செட்டுக்குள் இருந்து வருவதன்று. கசட்டிலிருந்து வாசிக்கப்பட்ட 48 பைட்டுகள்தான் அப்படியே புள்ளிகளாக வரையப்படுகின்றன. இறங்கி நின்றபின் செட் அந்தப் பைட்டுகளைத் தன்னிடமுள்ள பிரதியோடு ஒப்பிட்டு, ஒன்று மாறியிருந்தாலும் அதே இடத்தில் நின்றுவிடும். கசட் இல்லாமல் இயக்கினால் எல்லாத் தரவுக் கம்பிகளும் 1 என்றே வாசிக்கப்படுவதால், முழுக் கறுப்பான நீள்சதுரம் இறங்கும். கசட்டைச் செருகிய பின்னும் அதே கறுப்பு நீள்சதுரம் வந்தால், கசட் ஒன்றுமே பேசவில்லை என்று கொள்ளலாம். கசட்டுக்கு மின்சாரம் போகாமலோ, வாசிக்கச் சொல்லும் கம்பி தொடாமலோ இருக்கலாம். பெயர் தெரிந்தும், அதன் ஊடே ஒரே அளவான இடைவெளியில் கறுப்புக் கீற்றுகள் ஓடினால் ஒரு தரவுக் கம்பி மட்டும் விட்டுப்போயிருக்கிறது. ஒவ்வொரு பைட்டிலும் உள்ள எட்டு பிட்டுகளில் மேல் நான்கும் ஒரு வரியில் பக்கத்துப் பக்கமாக நான்கு புள்ளிகளாகவும், கீழ் நான்கும் அதற்கடுத்த வரியிலும் வரையப்படுவதால், ஒரு பிட் பிழையானால் நான்கு புள்ளிக்கு ஒன்றாக, ஒன்றுவிட்ட வரிகளில் அந்தப் பிழை திரும்பத் திரும்பத் தெரியும். எழுத்துத் துண்டுகள் இடம் மாறியோ, ஒரே துண்டு இருமுறையோ வந்தால் முகவரிக் கம்பிகளைத்தான் பார்க்க வேண்டும். கையில் மீற்றர் இல்லாத ஒருவரும் பெருக்கிக் கண்ணாடியொன்றை வைத்துக்கொண்டு இத்தனையையும் கண்டறியலாம்.

ஃபமிகொம் வகைச் செட்டிலும் இப்படிப் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. அதில் நுண்செயலிக்கு ஒரு கம்பித்தொகுதியும், படம் வரையும் சிப்புக்குத் தனியே இன்னொரு கம்பித்தொகுதியும் உண்டு. கசட்டின் 60 முனைகளில் ஒரு பாதி பெரும்பாலும் முதலாவதற்கும் மறுபாதி இரண்டாவதற்கும் சேர்ந்தவை. பாட்டு ஒழுங்காகக் கேட்கிறது, பட்டனை அழுத்தினால் ஏதோ அசைகிறது, ஆனால் உருவங்கள் சிதறிக் கிடக்கின்றன என்றால், நிரல் ஓடுகிறது, படப் பக்கத்துப் பாதியில்தான் தொடுகை கெட்டிருக்கிறது. திரை ஒரே நிறத்தில் உறைந்து ஒலியும் இல்லையென்றால் நுண்செயலிப் பக்கத்தைத் துடைக்க வேண்டும். படம் முழுமையாக வந்து ஒலி மட்டும் வராத நிலையும் உண்டு. அசல் ஃபமிகொம்மில் ஒலி 45ஆம் முனை வழியாகக் கசட்டுக்குள் போய் 46ஆம் முனை வழியாகத் திரும்ப வேண்டும். சாதாரண கசட்டுகள் இவ்விரண்டையும் உள்ளே இணைத்து வைத்திருக்கும். கசட் மாற்றிக் கருவி ஒன்றின் வழியாக வேற்றுச் செட்டின் கசட்டைச் செருகும்போது அந்த இணைப்பு இல்லாமல் போனால் விளையாட்டு ஊமையாகிவிடும். இதற்குத் தேவை ஒரு சிறு கம்பித்துண்டுதான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஃபமிகொம்மைப் பார்த்துச் செய்த சிப்கள் பலவற்றில் ஒலி அலையின் இரண்டு வடிவங்கள் இடம் மாறிப் பதிந்துவிட்டதால், அவற்றில் பாட்டின் தொனியே வேறாக இருக்கும். அது செட்டின் இயல்பு. கசட்டைக் குறைகூற அதில் ஒன்றுமில்லை.

அடுத்தது மின்சாரம். இங்குள்ள வீடுகளில் பழைய ரிவி கேமுக்குரிய அடப்டர் தொலைந்து, வீட்டில் கிடந்த வேறொன்று அதன் இடத்தைப் பிடித்திருப்பது வழமை. ஃபமிகொம்மின் அடப்டரில் நடுமுனை மறை (−). இன்றைய ரூட்டர் அடப்டர்களில் பெரும்பாலும் நடுமுனை நேர் (+). செருகி நன்றாகப் பொருந்துகிறது என்பதற்காக மாறிச் செருகினால் செட்டின் உள்ளே இருப்பவை போய்விடும். முனை சரியாக இருந்தாலும் வலு போதாமல் போகலாம். செட்டுக்குள் இருக்கும், வோல்ற்றளவைச் சீராக்கும் 7805 ரெகுலேட்டர் 5 வோல்ற்றைக் கொடுக்க அதற்கு 7 வோல்ற்றாவது உள்ளே வர வேண்டும். அசல் கசட்டின் தேவை மிகச் சிறியது என்பதால் பலவீனமான அடப்டரும் அதனோடு சமாளித்துவிடும், எஃப்பிஜிஏயும் எஸ்.டி. கார்ட்டும் கொண்ட கசட்டைச் செருகியதும் வோல்ற்றளவு இறங்கிவிடும். மெனு அழகாக வருகிறது, விளையாட்டைத் தெரிவுசெய்தவுடன் கார்ட்டை வாசிக்கத் தொடங்கும் கணத்தில் செட் தானாக மீளத் தொடங்குகிறது என்றால், என் பார்வையில் அது மின்சாரக் குறைபாடே, வேறொன்று நிரூபிக்கப்படும் வரை. மீற்றரின் முனைகளைக் கசட் பலகையின் 5 வோல்ற்று, தரை ஆகிய இடங்களில் வைத்துக்கொண்டே விளையாட்டை ஏற்றிப் பார்க்க வேண்டும். 4.75க்குக் கீழே போனால் அடப்டரையும், செட்டின் உள்ளே இருக்கும் பெரிய கப்பாசிட்டரையும் மாற்றிய பிறகே கசட்டைப் பற்றி யோசிக்கலாம்.

வெளியே தெரியாமல் நடக்கும் கேடு ஒன்றும் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புவதும் அதுவே. பழைய செட்டுகள் 5 வோல்ற்றில் பேசுகின்றன. இன்றைய நினைவகச் சிப்கள் 3.3 வோல்ற்றுக்குச் செய்யப்பட்டவை. கவனமாக வடிவமைத்த கசட்டில் இரண்டுக்கும் இடையே வோல்ற்றளவை மாற்றித் தரும் சிப்கள் இருக்கும். செலவைக் குறைக்க அவற்றை விட்டுவிட்டு 3.3 வோல்ற்றுச் சிப்பை நேரடியாகவே 5 வோல்ற்றுக் கம்பியில் பூட்டிய கசட்டுகள் சந்தையில் தாராளமாக உள்ளன. முதல் நாளில் ஒரு குறையும் தெரியாது. ஆனால் அந்தச் சிப் ஒவ்வொரு சுற்றிலும் தன் எல்லைக்கு மேற்பட்ட அழுத்தத்தைத் தாங்குகிறது; செட்டின் பழைய, மாற்றுக் கிடைக்காத சிப்களும் தமக்கு உரியதல்லாத மின்னோட்டத்தை வழங்க வேண்டியிருக்கிறது. மூடியைத் திறந்து சிப்பின் இலக்கத்தைப் பார்த்தால் போதும்: அதில் 29எஃப் என்று இருப்பவை 5 வோல்ற்றுக்கு உரியவை, 29எல்வி அல்லது 29ஜிஎல் என்று இருப்பவை 3 வோல்ற்று வகை. பிந்தியவை இருந்தும் அருகில் 74எல்விசி வரிசை போன்ற இடைச்சிப் எதுவும் இல்லையென்றால், அந்தக் கசட்டை ஃபமிகொம்மிலோ பழைய கேம் போயிலோ செருகக் கூடாது. 2001இல் வந்த கேம் போய் அட்வான்ஸ் தன் கசட்டுகளோடு 3.3 வோல்ற்றிலேயே பேசுவதால், அதற்கென்று செய்த கசட்டுகளில் இந்தக் கவலை இல்லை.

எஸ்.டி. கார்ட்டுக்கு அதிக விளக்கம் தேவையில்லை. பெரும்பாலான கசட்டுகள் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் ஃபாட் 32 அமைப்பை எதிர்பார்க்கின்றன. 32 கிகாபைட்டுக்கு மேற்பட்ட கார்ட்டுகள் எக்ஸ்ஃபாட் அமைப்போடு விற்கப்படுவதால் கசட் அவற்றை அடையாளம் காணாமல் போகலாம். போலிக் கார்ட்டுகள்தான் உண்மையான தொல்லை. 64 என்று எழுதியிருந்து உள்ளே 8 மட்டுமே இருக்கும் கார்ட்டில் கோப்புகளின் பெயர்ப் பட்டியல் முழுமையாகத் தெரியும், முதலில் போட்ட விளையாட்டுகள் ஓடும், பிறகு போட்டவை உடைந்திருக்கும். எஃப்3 போன்ற மென்பொருளால் கார்ட் நிறைய எழுதி, எழுதியதைத் திரும்ப வாசித்து ஒப்பிட்டுப் பார்க்கும் வரை எந்தக் கார்ட்டையும் நம்பக் கூடாது.

சேவ் அழிந்துபோவதுதான் மக்களை அதிகம் வருத்துகிறது. பற்றரி வைத்த கசட்டில் விளையாட்டின் நிலை எஸ்ரேம் என்ற நினைவகத்தில் இருக்கும். செட்டை நிறுத்தியபின் அதைக் காப்பது நாணய வடிவ லித்தியம் பற்றரி. எஸ்.டி. கார்ட் உள்ள பழைய வகைக் கசட்டுகள் சிலவற்றிலும் இதே ஏற்பாடுதான்: விளையாடும்போது சேவ் எஸ்ரேமில் இருந்து, அடுத்த முறை மெனுவுக்குத் திரும்பும்போதே கார்ட்டில் எழுதப்படும். இதிலிருந்து ஒரு நேரடியான சோதனை கிடைக்கிறது. சேவ் செய்தபின் ரீசெட் பட்டனை அழுத்தி மெனுவுக்குப் போனால் சேவ் தப்புகிறது, நேரே மின்சாரத்தை நிறுத்தினால் போய்விடுகிறது என்றால் பற்றரி தீர்ந்துவிட்டது. 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாட்டில் இது சிறிய விடயமன்று. அறிவிப்பில்லாமல் மின்சாரம் போகும் வீட்டில் பற்றரி செத்த கசட் எந்த நேரமும் சேவ் பதிவை இழக்கும்.

பற்றரியின் இலக்கமே அதன் அளவைச் சொல்கிறது: சிஆர் 2032 என்பது 20 மில்லிமீற்றர் விட்டமும் 3.2 மில்லிமீற்றர் தடிப்பும், 1616 என்பது 16 மில்லிமீற்றரும் 1.6 மில்லிமீற்றரும். 2025 இருந்த இடத்தில் 2032ஐத் திணித்தால் மூடி அழுத்தும். பற்றரியின் மேலேயே சோல்டர் வைப்பதால் உள்ளே வெப்பம் ஏறி அது கெட்டுப்போகும், வெடிக்கவும் கூடும். தகட்டுக்கால் ஒட்டிய பற்றரியை வாங்க வேண்டும். பற்றரியே வேண்டாம் என்று விரும்புபவர்கள் எஃப்ரேம் என்ற, மின்சாரமின்றியே நினைவை வைத்திருக்கும் சிப்பை எஸ்ரேமின் இடத்தில் பூட்டுகிறார்கள். எஃப்எம் 18டபிள்யூ08 இதற்குப் பேர்போனது. 32 கிலோபைட் கொண்டது. அது நல்ல மாற்றமே, ஆனால் எல்லாக் கசட்டுக்கும் பொருந்தாது: ஒவ்வொரு வாசிப்புக்கும் சிப்பைத் தெரிவுசெய்யும் கம்பி ஒருமுறை இறங்கினால்தான் எஃப்ரேம் புதிய முகவரியைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கம்பியை இறக்கியபடியே வைத்திருக்கும் கசட்டில் மேலதிகமாக ஒரு தர்க்கவாயில் (லொஜிக் கேட்) தேவைப்படும். நேரங்காட்டி உள்ள கேம் போய்க் கசட்டில் எஃப்ரேம் சேவ் பதிவைக் காக்கும், மணிக்கூட்டை ஓட்டாது.

கேம் போய்க்கு வரும் மலிவான எழுதக்கூடிய கசட்டுகளில் எழுத முடியாமல் போவதற்கு ஒரு பொதுக் காரணம் உண்டு. ஃப்ளாஷ் சிப்பில் எழுத, எழுது என்று சொல்லும் கம்பி சிப்பை அடைய வேண்டும். சில பலகைகளில் அது வழமையான எழுது முனையிலிருந்தும், வேறு பலவற்றில் பயன்படாமல் கிடக்கும் 31ஆம் ஒலி முனையிலிருந்தும் போகிறது. கணினியிலிருந்து கசட்டில் எழுத உதவும் ஃப்ளாஷ்ஜிபிஎக்ஸ் போன்ற மென்பொருள் சிப்பை அடையாளம் காணவில்லை என்று சொன்னால் உடனே சிப்பைக் கழற்றாமல், மீற்றரின் தொடர்ச்சிச் சோதனையால் அந்தக் கம்பி எந்த முனைக்குப் போகிறது என்று தேடி, மென்பொருளின் தெரிவை அதற்கேற்ப மாற்ற வேண்டும். அழிப்பதற்கு முன் கசட்டில் இருப்பதையும் சேவ் பதிவையும் கணினிக்குப் பிரதி எடுத்து வைப்பது கட்டாயம். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். ஆக்கியவர்களே இலவசமாக வெளியிடும் புதிய விளையாட்டுகள் இந்தச் செட்டுகளுக்கு இன்றும் வந்துகொண்டிருக்கின்றன.

சிப்பைக் கழற்றியே ஆக வேண்டும் என்று வந்தால், அதற்கான கை நம் ஊரில் இருக்கிறது. அரை மில்லிமீற்றர் இடைவெளியில் 48 கால்கள் கொண்ட சிப், கல்முனையிலோ மட்டக்களப்பு நகரிலோ போன் திருத்துபவருக்குப் பெரிய வேலையன்று. அவருக்குச் சொல்ல வேண்டியது, கசட்டின் பிளாஸ்டிக்கைக் கழற்றிவிட்டே சூடுகாட்ட வேண்டும் என்பதும், தங்க முனைகளை வெப்பம் தாங்கும் ரேப்பால் மூட வேண்டும் என்பதும். ஒரு துளி சோல்டர் முனையில் பட்டால் அந்த முனை பிறகு ஒழுங்காகத் தொடாது. ஈயம் கலந்த 63/37 சோல்டர் 183 பாகையில் உருகும், ஈயமில்லாதது 217ஐத் தாண்ட வேண்டும் என்பதால், பழைய பலகைக்கு முந்தியதே பாதுகாப்பு. வேலை முடிந்ததும், சோல்டர் பிடிக்கப் பூசும் பிசினான பிளக்ஸைக் கழுவாமல் மூடுவது நம் காலநிலையில் தெரிந்தே செய்யும் கேடு. உலர்ந்த நாட்டில் சும்மா கிடக்கும் அந்தப் பிசின் இங்கே மாரியில் ஈரத்தை உறிஞ்சி, பற்றரியின் இரு காலுக்கும் இடையே மிகச் சிறிய மின்னோட்டத்தைக் கசியவிடும். ஏறத்தாழ 225 மில்லிஅம்பியர் மணி கொண்ட சிஆர் 2032, எஸ்ரேமுக்காக 1 மைக்ரோஅம்பியர் மட்டும் கொடுத்தால் கணக்குப்படி 25 வருடம் தாங்கும். பிசின் வழியே மேலும் 9 மைக்ரோஅம்பியர் கசிந்தால் இரண்டரை வருடத்தில் தீர்ந்துவிடும். புதிதாக மாற்றிய பற்றரி சீக்கிரமே செத்தால், பற்றரி விற்ற கடையோடு பேசுவதற்கு முன் பலகையைத் திறந்து அந்தக் கால்களைச் சுற்றி ஐசோபுரோப்பைலால் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்த்தி, பற்றரியைப் பூட்டும் முன் இரண்டு காலுக்கும் இடையிலான தடையை மீண்டும் அளந்து பார்க்க வேண்டும்.